ஜெனரேட்டர் வாங்குமுன்

ஆக்சிஜன் செறிவூட்டியுடன் வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டபின் எங்களிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? சிறிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிவிடலாமா? எத்தனை கே.வி.ஏ. போதும்? கேட்பவரின் குரலிலுள்ள அச்சம் நியாயமானது. மருத்துவமனைச் சுவருக்குள் இருந்தவரை அவர்கள் மின்தடையை உணர்ந்ததே இல்லை. விளக்கு ஒருகணம் சிமிட்டியதோடு சரி. வீட்டில் அந்த ஒருகணம் நான்கு மணி நேரமாக நீளக்கூடும்.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். மூச்சுக்கருவியை நம்பியிருக்கும் நோயாளி உள்ள இல்லத்தில் ஜெனரேட்டர் முதலில் வாங்க வேண்டிய பொருள் அன்று. முதலில் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர்; அதன்பின் இன்வெர்ட்டரும் பேட்டரியும்; இவ்விரண்டும் போதா என்று கணக்கிட்டு அறிந்த பின்னரே, அதுவும் வீட்டுக்கு வெளியே அதற்குரிய இடம் உள்ளவர்களுக்கு மட்டுமே, ஜெனரேட்டர். இவ்வரிசை தலைகீழாக மாறிய வீடுகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பெரும்பணம் செலவிட்டு வாங்கிய இயந்திரம் பின்கட்டில் உறைபோர்த்திக் கிடக்கும். சிலிண்டரோ, காலியாகி மாதங்கள் ஆகியிருக்கும்.

மின்தடை என்று ஒரே பெயரால் அழைத்தாலும், நம் மாநிலத்தில் அது மூவகைப்படும். மரக்கிளை உரசியோ பீஸ் போயோ சில நிமிடம் முதல் ஓரிரு மணி வரை நிற்பது ஒருவகை. மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்னறிவித்துவிட்டுக் காலை 9 மணி தொடங்கி மாலை வரை நிறுத்துவது இரண்டாம் வகை. புயலும் வெள்ளமும் கொணர்வது மூன்றாம் வகை. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரமும், பிற மாவட்டங்களுக்கு அதனினும் பன்மடங்கும் மின்வெட்டு இருந்ததை மறந்தவர் எவருமிலர். இன்றைக்கும் பலர் ஜெனரேட்டர் கேட்பது அந்நாள்களின் நினைவினால்தான். ஆயினும் இப்போது நம் நோயாளிகளை மிகுதியும் சந்திப்பது முதல் இரு வகைகளே. அவ்விரண்டையும் புகையோ ஓசையோ இல்லாமல் கடந்துவிட இயலும்.

எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை அறியாமல் எதை வாங்குவது? பெரும்பாலோர் வீடு முழுவதற்கும் கணக்கிடுகின்றனர். நோயாளியின் அறை ஒன்றுக்கு மட்டும் கணக்கிடுமாறு நாங்கள் வேண்டுகிறோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் எடுத்துக்கொள்ளும். 10 லிட்டர் தருவது ஏறத்தாழ 600 வாட். உறக்கத்தில் மூச்சுத் திணறுவோர் அணியும் சிபேப் கருவிக்கு, ஈரப்பதமூட்டியைச் சூடாக்காமல் இயக்கினால், 50 வாட் அளவே போதும். படுக்கைப்புண் வாராமல் காக்கும் காற்றுமெத்தை 10 வாட்டை ஒட்டியே உண்ணும். மின்விசிறி 70, விளக்கு 10. ஆக, 5 லிட்டர் கருவி உள்ள அறையின் தேவை 430 வாட். கருவியின் பின்புறம் ஒட்டியுள்ள தகட்டில் சரியான எண் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன் நிற்கும்போது அந்தப் படமே உங்களுக்குப் பேசும்.

சிலிண்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதனை எவரும் ஒரு மின்மாற்று ஏற்பாடாகக் கருதுவதே இல்லை. நம் ஊர்களில் ‘பி டைப்’ என்று வழங்கும் சிலிண்டரில் நிறைவாக ஏறத்தாழ 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் பெறும் நோயாளிக்கு அது 12 மணி நேரத்துக்கும் மேல் வரும்; 1 லிட்டர் போதுமானவருக்கு ஒரு முழு நாள்; 5 லிட்டர் தேவைப்படுபவருக்கு 5 மணி நேரம். பராமரிப்பு நாளின் மின்தடை முழுவதையும் பெரும்பாலான நோயாளிகள் இந்த ஒரு சிலிண்டரால் கடந்துவிடலாம். இதற்கு எரிபொருள் வேண்டா; கயிறு இழுக்க வேண்டா; மழையில் நனைந்தாலும் பழுதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செறிவூட்டி நின்று மீண்டும் இயங்கும்போது, உரிய தூய்மையில் ஆக்சிஜன் தரச் சில நிமிடங்கள் ஆகும். ஜெனரேட்டரே வைத்திருந்தாலும், அதை இயக்கி, கருவியை இணைத்து, கருவி சீரடையும் வரையிலான இடைவெளியை நிரப்புவது சிலிண்டர்தான்.

அதைத் திறக்கும் சாவி சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றால் கட்டப்பட்டிருக்கட்டும். ரெகுலேட்டரைப் பொருத்தியே வைத்திருங்கள். வாரம் ஒருமுறை வால்வைத் திறந்து அழுத்தமானியைப் பார்த்துவிட்டு மூடுங்கள். மின்சாரம் நின்ற பதற்றத்தில், அளவைக் கூட்டி வைத்தால் நல்லதுதானே என்று எண்ணிவிட வேண்டா. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மிகுதியான ஆக்சிஜன் இரத்தத்தில் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். மருத்துவர் குறித்த அளவே சிலிண்டருக்கும் அளவு. சமையலறை, பூசை விளக்கு, ஊதுவத்தி இவற்றினின்றும் விலக்கி வையுங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் மின்சாரம் நின்றவுடன் நம் கை மெழுகுவத்தியைத்தானே தேடுகிறது? ஆதலால் சொல்லிவைக்கிறோம்: ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவத்தி கூடாது, கைவிளக்கு போதும்.

அடுத்தது இன்வெர்ட்டர். இங்கே விற்பனையாளர் கூறும் எண்களுக்கும் நோயாளி பெறும் மணி நேரத்துக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் ஏட்டளவில் 1800 வாட்-மணி இருக்கிறது. ஆனால் ஈய-அமில பேட்டரியை முற்றிலும் வற்றவிடலாகாது. மாற்றும்போதும் இழப்பு உண்டு. பளு மிகுந்தால் அது மேலும் சுருங்கும். கையில் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே என்று கொண்டால், 430 வாட் தேவையுள்ள அறைக்கு இரண்டரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை வரும். பேட்டரி பழையதானால் அதுவும் குறையும். இரண்டு பேட்டரி பூட்டும் வகையை வாங்கினால் இரட்டிக்கும். சிபேப் மட்டும் உள்ள வீட்டுக்கு ஒரே பேட்டரியே இரவு முழுவதும் போதும். அவர்கள் ஜெனரேட்டரைப் பற்றி நினைக்கவே வேண்டா.

இன்வெர்ட்டர் வாங்கும்போது ‘சைன் வேவ்’ வகைதானா என்று கேட்டே வாங்குங்கள். விலை மலிந்த ‘ஸ்கொயர் வேவ்’ வகையில் விளக்கும் விசிறியும் ஓடிவிடும். செறிவூட்டியின் கம்ப்ரசரோ சூடேறும், இரையும், நாளடைவில் பழுதாகும். விளம்பரத்தில் வி.ஏ. என்று போட்டிருக்கும் எண் வாட் அன்று. வாட் அதனினும் குறைவு. வாட் எத்தனை என்று தனியே கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்கள், அதிலிருந்து தொலைக்காட்சிக்கும் பிற அறைகளுக்கும் செல்லும் இணைப்பைப் பிரித்துவிட்டு நோயாளியின் அறைக்கு மட்டும் ஒதுக்கினால், புதிதாக எதையும் வாங்காமலே தேவை நிறைவேறிவிடுவதுண்டு. எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை.

இனி ஜெனரேட்டர். எங்கள் தயக்கத்துக்குக் காரணம் அதன் விலையன்று, புகை. பெட்ரோலை எரிக்கும் எந்த இயந்திரமும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் ஆக்சிஜனுக்கு இடமில்லை. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு. பின்னர் குழப்பமும் மயக்கமும். ஏற்கெனவே இவை அனைத்தும் நோயின் பகுதியாகவே இருந்துவரும் முதியவரிடத்தில், இது புகையால் வந்ததென்று யார் அறிவார்?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நோயாளியைப் பேணுவோர் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரால், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் வேறுபடுத்தி அறிய இயலாது. நச்சு ஏறிக்கொண்டிருக்கும்போதும் அது 97, 98 என்றே காட்டக்கூடும். ஆறு மாதமாக அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே நிம்மதி கொண்ட குடும்பத்துக்கு, அவ்வெண்ணே அவ்வேளையில் பொய்யுரைக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி கண்டால், எண்ணைப் பார்க்காதீர்கள். நோயாளியைச் சிலிண்டருடன் உடனே திறந்தவெளிக்குக் கொணர்ந்து 108ஐ அழையுங்கள்.

ஆகவே ஜெனரேட்டரின் இடம் வீட்டுக்கு வெளியே. சன்னல், கதவுகளினின்றும் குறைந்தது 20 அடி தள்ளி, புகைப்போக்கி வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கியதாக. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவில் வீட்டு ஜெனரேட்டர்களின் புகையால் பலர் நச்சேறி மருத்துவமனைகளுக்கு வந்தனர், சிலர் மாண்டனர். 20 அடி என்பது அந்நாட்டு நலவாழ்வுத் துறை வற்புறுத்தும் தொலைவு. பால்கனி வெளியிடமாகாது. மாடிப்படியின் கீழ்ப்பகுதி ஆகாது. மேற்கூரையும் மூன்று சுவர்களும் உள்ள கார் நிறுத்துமிடமும் ஆகாது. ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் புகை போய்விடும் என்பது வீண் நம்பிக்கை. அப்படியானால் அடுக்ககத்தில் வாழ்வோருக்கும், சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீடுகளில் வாழ்வோருக்கும் ஜெனரேட்டருக்கு இடமே இல்லையே என்பீர்கள். ஆம், இல்லை. நகரவாசிகளிற் பெரும்பாலோருக்கு எங்கள் விடை இதுவே. அடுக்ககத்தில் பொது ஜெனரேட்டர் இருக்குமாயின், அது லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டுமா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணைப்பு உண்டா, உண்டெனில் எத்தனை வாட் தாங்கும் என்பதைச் சங்கத்தாரிடம் இன்றே கேட்டு வையுங்கள். நோயாளி இருக்கிறார் என்று சொன்னால் ஓர் இணைப்பு தர மறுக்கும் சங்கத்தை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

புகையை அடுத்து, அதை இயக்குவது யார் என்ற கேள்வி எழும். கடையில் இளைஞர் ஒருவர் கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டுவார். வீட்டிலோ பகல் முழுதும் நோயாளியோடு இருப்பவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்த மனைவி, அல்லது பணிப்பெண். நள்ளிரவு இரண்டு மணிக்கு, மழையில், இருட்டில், முற்றத்துக்குச் சென்று அக்கயிற்றை இழுக்க அவரால் இயலுமா? பொத்தானை அழுத்தினால் இயங்கும் வகை உண்டு. அதற்கென உள்ள சிறு பேட்டரியோ, மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் செத்துப்போகும். பெட்ரோலும் நாட்பட்டால் கெடும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்து கார்புரேட்டரை அடைக்கும். மாதம் ஒருமுறை, செறிவூட்டியை இணைத்துப் பத்து நிமிடமேனும் ஓட்டிப் பார்க்காத ஜெனரேட்டர் இரும்புப் பெட்டியே. அவ்வாறு ஓட்டுவதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பேற்பாரா என்பதை முடிவு செய்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.

இத்தனையும் கூறியபின், ஜெனரேட்டர் தேவைப்படும் வீடுகளும் உள்ளன என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தபோது, காவிரிப் படுகையில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் மீள வாரக்கணக்கில் ஆயிற்று. அத்தகைய நாள்களில் இரண்டு பேட்டரியும் ஒரு சிலிண்டரும் முதல் நாளோடு தீர்ந்துவிடும். சிலிண்டரை நிரப்பச் சாலையிருக்காது. கடலோர மாவட்டச் சிற்றூர்களில், சுற்றிலும் வெளியிடம் உள்ள வீட்டில், நாள் முழுவதும் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளி இருந்தால், ஜெனரேட்டர் வாங்குவது தகும். புயல் அறிவிப்பு வந்தவுடன் மாவட்டத் தலைநகரிலுள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ நோயாளியைப் பெயர்த்துவிடுவது அதனினும் தகும் என்பது எங்கள் துணிபு; ஆயினும் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

அவ்வாறு வாங்குவோர் சிறியதையே வாங்குக. நோயாளியின் அறைக்கு 430 வாட்; அதனோடு குளிர்பதனப் பெட்டி ஓடும்போது 150 வாட். ஆனால் கம்ப்ரசர் உள்ள எந்தக் கருவியும் தொடங்கும் நொடியில் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை இழுக்கும். ஆதலால் 1 கே.வி.ஏ. திணறும், 2 கே.வி.ஏ. தாராளமாகத் தாங்கும். அதற்கு மேல் வாங்குவது ஏ.சி.க்கும் மோட்டாருக்கும் ஆசைப்படுவதே. பெரிய இயந்திரம் குறைந்த பளுவிலும் கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும். 2 கே.வி.ஏ. இயந்திரம் பாதிப் பளுவில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எடுக்கும். நாளெல்லாம் ஓட்டினால் பத்துப் பதினைந்து லிட்டருக்குக் குறையாது. புயல் நாளில் பங்க்குகளிலும் மின்சாரம் இராது. இருந்தாலும் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்ற மறுப்பர். முறையான உலோகக் கலனை முன்னரே வாங்கி, அதை நோயாளியின் அறைக்கு அப்பால் வைக்க வேண்டும். இயந்திரம் சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றலாகாது. அணைத்து, ஆறவிட்டு ஊற்றுக. அந்தக் கால் மணி நேரத்துக்கும் சிலிண்டரே துணை.

‘இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்’ எனப்படும் வகை விலை கூடியது. எனினும் சீரான மின்சாரம் தரும், ஓசையும் குறைவு. சாதாரண வகையில் பளு மாறுந்தோறும் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் செறிவூட்டி அலறத் தொடங்கும். நேர்மையான சோதனை ஒன்றே உள்ளது. செறிவூட்டியைக் கடைக்கே எடுத்துச் சென்று, அந்த ஜெனரேட்டரில் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கு உடன்படாத கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள். நோயாளி அந்த நேரத்தில் சிலிண்டரில் இருக்கட்டும். சிலிண்டர் பழக்கத்துக்கு வந்ததாகவும் ஆகும்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அம்மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்கும் செல்லும்; மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரை அது கொல்லும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள்; அன்றேல் கருவியை நேரடியாக ஜெனரேட்டரின் பிளக்கிலேயே செருகுங்கள்.

இன்சுலினுக்காக ஜெனரேட்டர் வேண்டுமெனக் கேட்போரும் உளர். வேண்டா. திறக்காமல் மூடிவைத்த குளிர்பதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் காக்கும். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் குப்பியை, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில், பொதுவாக நான்கு வாரம் வரை வெளியிலேயே வைத்திருக்கலாம். எஞ்சியவற்றை நீண்ட மின்தடையின்போது ஈரமணலும் மண்பானையும் கொண்டு நம் பாட்டிமார் காய்கறி காத்த முறையில் காக்கலாம். குப்பி நனையாமல் உறையிலிட்டு வைத்தால் போதும். பனிக்கட்டியை மட்டும் ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987. மின்தடை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்டறிந்தால், பேட்டரியை எப்போது செலவிடுவது, சிலிண்டரை எப்போது திறப்பது என்று திட்டமிடலாம். பிரிவு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளி இன்ன முகவரியில் இருக்கிறார் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வருவதும் நன்று. அதனால் மின்சாரம் முந்தி வருமென்று நாங்கள் உறுதி கூற இயலாது. ஆனால் பராமரிப்பு நாளை முன்கூட்டியே கூறிவிடும் ஊழியர்களை அறிவோம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, செறிவூட்டியின் பின்தகட்டுப் படத்தையும், வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியும் காட்டும் படங்களையும் கொண்டுவாருங்கள். செவிலியர் உங்களோடு அமர்ந்து, எத்தனை மணி நேரம் வரும் என்பதைக் கணக்கிட்டுத் தருவார். அதற்கு முன் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், வீட்டார் அனைவரும் இருக்கையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சிலிண்டருக்கு மாற எத்தனை நிமிடம் ஆகிறதென்று பாருங்கள். அந்த எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.